மேல்வீட்டுச் சாக்சபோன்

சரியாக ஐந்து இருபதுக்கு வெள்ளவத்தை ஸ்டேஷனில் இறங்கி ஒழுங்கைக்குள் திரும்பிய சிவக்கொழுந்து, நடுத்தெருவில் நின்றுவிட்டார். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார். பிறகு சிங்களத்தில் ஏதோ கேட்டார். அது எதுவும் அவருக்கு ஏறவில்லை. காது முழுக்க ஒரு சாக்சபோன் நிறைந்திருந்தது.

அந்தச் சாக்சபோனை அவருக்குத் தெரியும். போன சனிக்கிழமைதான் கொட்டாஞ்சேனை நபீஸின் கடையில் அந்த ஜாஸ் இசைத்தட்டை வாங்கியிருந்தார். நீல மட்டை, அதில் மழையில் நனையும் ஒரு மனிதர். கொழும்பிலேயே ஒரு பிரதிதான் என்று நபீஸ் சொல்லித் தந்தது. அதே இசை இப்போது அவர் குடியிருக்கும் கட்டிடத்தின் மேல்மாடிப் பக்கமிருந்து, கடற்காற்றையும் தள்ளிக்கொண்டு, ஒழுங்கை முழுக்க வழிந்துகொண்டிருந்தது.

மாடிக்கு ஒரு வீடாக நாலு மாடிக் கட்டிடம் அது. முதலாம் மாடியில் பல் டொக்டர். இரண்டாம் மாடிக்காரர் கனடாவில். வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்றாம் மாடி சிவக்கொழுந்து. நாலாம் மாடிக்கு மூன்று மாதத்துக்கு முன்னர்தான் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒஸ்வால்ட் என்றொருவர் குடிவந்திருந்தார். வந்த அன்று லிஃப்டில் ஏற்றிய பெட்டிகளைச் சிவக்கொழுந்து எண்ணி வைத்திருந்தார். பதினேழு. எல்லாம் சதுரம், எல்லாம் தட்டை, எல்லாம் ஓரடிக்குச் சற்றுக் கூட. அப்போதே நெஞ்சில் ஒரு முள் குத்தியது.

கேற்றைத் திறந்த காவல்காரர் ராமையா நெற்றிக்குக் கையை உயர்த்திவிட்டு, இண்டர்கொம்மை அமுக்கினார். "அம்மா, ஐயா வந்துட்டாருங்க."

இந்த மரியாதை கட்டிடத்தில் வேறு ஒருவருக்கும் கிடையாது. ஆனால் அன்று அதை ரசிக்க முடியவில்லை. லிஃப்ட் வந்து நிற்பதற்குள் சாக்சபோன் பாதி மூச்சில் அறுந்துபோனது.

'என்னைக் கண்டதும் நிப்பாட்டுறான்' என்று சிவக்கொழுந்து முடிவுசெய்தார்.

வீட்டில் மனைவி பவளராணி பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தார்.

"மேல்வீட்டுச் சத்தம் கேட்டதோ?"

"எனக்கென்ன தெரியும்? கீழே பல்லு பிடுங்கிற சத்தத்துக்கும் உங்கட பாட்டுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது."

"ஏன் இப்பிடி வேர்த்திருக்கு?"

"பங்குனி மாசம் வேர்க்காமல் பனியே பெய்யும்? கையைக் கழுவுங்கோ, தேத்தண்ணி போடுறன்."

சிவக்கொழுந்து கோட்டையில் ஒரு காப்புறுதிக் கம்பனியின் கடிதப் பிரிவுத் தலைவர். எதையும் எண்ணிட்டு எழுதாவிட்டால் அவருக்கு அது நடந்ததாகவே ஆகாது. அவருடைய இருநூற்றுப் பதினான்கு இசைத்தட்டுகளுக்கும் ஒரு பதிவேடு உண்டு. ஒரு பக்கத்தை வருடத்துக்கு நாலு தடவைக்கு மேல் கேட்கக்கூடாது, தட்டுத் தேய்ந்துவிடும். கேட்கும்போது உப்புக்காற்று வராமல் பல்கனிக் கதவைச் சாத்த வேண்டும். சத்தம் கூட்டும் குமிழ் இரண்டாம் கோட்டைத் தாண்டக்கூடாது. இவையெல்லாம் அலுமாரிக் கதவில் ஒட்டப்பட்டிருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முதலாம் இலக்கம்: என்னைத் தவிர ஒருவரும் தொடக்கூடாது.

பவளராணி பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையின் ஆய்வுகூடத்தில் இருபத்தெட்டு வருடம் வேலைசெய்து, ஒரு கண்ணாடிக் குழாயைக்கூட உடைக்காமல் தைப்பொங்கலோடு ஓய்வுபெற்றவர். முதலாம் இலக்கம் அவருக்கும் பொருந்தும்.

சனிக்கிழமை சிவக்கொழுந்து நபீஸின் கடைக்குப் போய், கதிரையில் இருக்காமலே கேட்டார்.

"நபீஸ் நானா, நீலமட்டை ரெக்கோட் எத்தினை வந்தது?"

"ஒண்டுதான் சேர்."

"அப்ப மேல்வீட்டில எப்பிடிக் கேக்குது?"

"அல்லாவுக்குப் பொதுவா சொல்றேன், ஒண்டுதான் வந்த. அதைத்தான் ஒங்களுக்குத் தந்த."

"ஒஸ்வால்ட் எண்டு ஒருத்தர் இஞ்ச வாறவரோ? கொட்டாஞ்சேனைக்காரர். தொப்பி போடுறவர்."

"கொட்டாஞ்சேனைல தொப்பி போடுற ஒஸ்வால்ட் மட்டும் நாலு பேர் ஈக்கிறாங்க, சேர்." நபீஸ் மேசைக்கடியிலிருந்து ஒன்றை எடுத்துத் துடைத்தார். "இதப் பாருங்க. தோட்டத்துத் தொரை ஒத்தர்ட பங்களாவில கெடந்த. இது ஒலகத்திலயே நூறு தான் அடிச்சீக்கி."

உலகத்தில் எத்தனை அடித்தார்கள் என்பது நபீஸுக்கு எப்படித் தெரியும் என்று சிவக்கொழுந்து கேட்கவில்லை. வாங்கினார். வீட்டில் கதவைச் சாத்தி, இரண்டாம் கோட்டில் ஒரேயொரு தடவை கேட்டு, பதிவேட்டில் குறித்து, உள்ளே வைத்தார். ட்ரம்பெட் நல்லாய்த்தான் இருந்தது. கொஞ்சம் போர்வைக்குள் இருந்து ஊதுவதுபோல.

செவ்வாய்க்கிழமை ஐந்து இருபதுக்கு அதே ட்ரம்பெட் மேலேயிருந்து கேட்டது. போர்வை இல்லாமல். ஒழுங்கை முனைத் தேத்தண்ணிக் கடைக்காரர் தாளத்துக்குக் கரண்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஐயா வந்துட்டாருங்க" என்றார் ராமையா. ட்ரம்பெட் நின்றது.

அன்றிரவு சாப்பாட்டில் சிவக்கொழுந்துக்கு மனமில்லை. தன்னிடம் இல்லாததை மற்றவன் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. தன்னிடம் இருப்பதையே அவனும் வைத்திருந்து, தன்னைவிட நன்றாகக் கேட்கிறான் என்பதை எப்படித் தாங்குவது? பொறாமை என்று அவர் இதைச் சொல்லமாட்டார். 'நியாயமான மனவருத்தம்' என்பார்.

"மேல்வீட்டுத் தம்பி கேக் கொண்டுவந்து தந்தவர்" என்று பவளராணி ஒரு தட்டை நகர்த்தினார். "வலு நல்ல பிள்ளை."

"எனக்கு வேண்டாம்."

"பட்டர் கேக்."

"வேண்டாம் எண்டன்!"

ஊசியில்தான் பிழை என்று அவர் கண்டுபிடித்தார். அடுத்த வாரமே சிங்கப்பூரிலிருந்து ஒரு வைர ஊசி தருவித்துப் பொருத்தினார். அவ்வளவு அருமையான ஊசியைத் திறந்துபோட்டுவிட்டு வேலைக்குப் போகமுடியாது என்பதால், இசைத்தட்டு ஓடும் செட்டை அலுமாரிக்குள் ஏற்றிப் பூட்டி, திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

திங்கள் மேலே சத்தமில்லை. செவ்வாயும் இல்லை. புதனும் இல்லை.

"பயந்திட்டான்!" என்றார் சிவக்கொழுந்து, வாசலில் சப்பாத்தைக் கழற்றியபடி. "என்ர புது ஊசியின்ர சத்தம் மேலே போயிருக்கு. வாய் மூடிட்டான்."

மூன்று நாளாகப் பவளராணி முகம் கொடுத்துப் பேசவில்லை. கறியில் உப்பும் கூடவாயிருந்தது. வியாழன் காலை, காற்சட்டையை மடித்துக் கொடுக்கும்போது வாயைத் திறந்தார்.

"இந்தப் பை ஓட்டை. ட்ரெயினில நெரிபடேக்க திறப்பு விழுந்தால், அலுமாரியை உடைக்க ஆள் பிடிக்கவேணும். ஊசிக்கு மேலே சுத்தியல் விழுந்தால் என்னைப் பேசக்கூடாது."

சிவக்கொழுந்து யோசித்தார். நியாயம்தான். திறப்பைச் சாமிப்படத்துக்குப் பின்னால் மாட்டிவிட்டுப் போனார்.

அன்று பின்னேரம் ஒழுங்கைக்குள் திரும்பும்போதே கேட்டுவிட்டது. முன்பு கேட்டதெல்லாம் ஒன்றுமில்லை. இப்போது ட்ரம்பெட்காரர் வாயை எடுத்து மூச்சிழுப்பதுகூடத் தெளிவாயிருந்தது.

சிவக்கொழுந்து மதிலைப் பிடித்துக்கொண்டார். "அவனும் ஊசி வாங்கிட்டான்!"

அதற்குப் பிறகு அவர் எதைச் செய்தாலும் நாலாம் மாடி அதையே செய்தது. ஒலிபெருக்கிகளைச் சீமெந்துக் கல் வைத்து உயர்த்தினார். மறுநாள் மேலேயிருந்து வந்த பேஸ் கிட்டாரில் பல் டொக்டரின் பெயர்ப்பலகை நடுங்கியது. தட்டுகளைக் கழுவும் விசேஷத் திரவம் வாங்கினார். மேலே கரகரப்பு நின்றது. சிவக்கொழுந்து வாங்க வாங்க ஒஸ்வால்டுக்கு நல்லாய்க் கேட்டது. அவருடைய சொந்த வீட்டிலோ, சாத்திய கதவுக்குள், இரண்டாம் கோட்டில், எல்லோரும் போர்வைக்குள் இருந்துதான் ஊதினார்கள்.

ஒருநாள் காலை லிஃப்டில் இருவரும் அகப்பட்டுக்கொண்டார்கள். ஒஸ்வால்ட் தொப்பியைக் கழற்றினார்.

"குட் மோர்னிங் அங்கிள்! நேத்து அந்த ட்ரம்பெட் எப்பிடி? சும்மா அள்ளிட்டுதானே?"

"ம்."

"நான் வேலையைப் போட்டுட்டு அப்பிடியே நிண்டுட்டேன். வேற ஒண்டுமே ஓடல்ல."

"ம்."

"அந்த நீலமட்டை ஒண்டு இருக்குதே, மழையில நிக்கிற ஆள், அதுதான் எனக்கு உசிர்."

மட்டையின் படத்தைக்கூடச் சொல்லிக் குத்துகிறானே! சிவக்கொழுந்து முதலாம் மாடியிலேயே இறங்கி, பல் டொக்டரின் வாசலில் நின்று மூச்சு வாங்கினார்.

"அப்பொயின்ட்மென்ட் இருக்கா?" என்று கேட்டார் உள்ளேயிருந்த பெண்.

"எனக்குப் பல்லில ஒண்டுமில்லை, பிள்ளை" என்றார் அவர் பரிதாபமாக.

அந்த வாரம் முழுக்க அவர் பதிவேட்டைத் திறக்கவில்லை. வெள்ளி பின்னேரம் கேற்றுக்குச் சற்று முன்னாலேயே, மதில் ஓரம், ராமையாவின் கண்ணில் படாமல் நின்று, முதன்முறையாக ஒரு பக்கத்தை முழுதாகக் கேட்டார். பியானோ ஒன்று தயங்கித் தயங்கிப் படியிறங்கி வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு சாக்சபோன் மேலே போனது. முப்பது வருடத்தில் தன் செட்டில் அப்படி ஒரு நாளும் கேட்டதில்லை. கண் கலங்கியதை ஆட்டோப் புகையின் மேல் போட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்க் கடிதத் தாளை எடுத்தார்.

ஞாயிறு காலை பவளராணி கோயிலுக்குப் போனதும், கடிதத்தை மடித்துக்கொண்டு நாலாம் மாடிக்கு ஏறினார். லிஃப்டில் போகவில்லை. இந்த மாதிரிக் காரியத்துக்குப் படிதான் பொருத்தம் என்று பட்டது.

கதவு திறந்தது. பட்டரும் வனிலாவும் மணத்தன. ஒஸ்வால்டின் கை முழங்கைவரை வெள்ளையாயிருந்தது. மண்டபம் நிறைய மேசைகள். மேசைகள் நிறைய ஐசிங் பூசிய கல்யாணக் கேக்குகள். சுவரோரம் அந்தப் பதினேழு தட்டைப் பெட்டிகள். ஒன்று திறந்திருந்தது. உள்ளே, கேக்குக்கு அடியில் வைக்கும் வெள்ளிநிற அட்டைகள்.

அப்போ தட்டுகளை அறைக்குள் வைத்திருக்கிறான். சரியான ஆள்தான், மாப்படாமல் வைத்திருக்கிறான்.

"வாங்க அங்கிள், வாங்க! இருங்க, ஒரு கதிரை துடைக்கிறேன்."

"நான் இருக்க வரேல்லை, தம்பி. இதை வாசியுங்கோ."

ஒஸ்வால்ட் கையைத் துடைத்துக்கொண்டு வாசித்தார். ஒன்று: என்னிடம் இருநூற்றுப் பதினைந்து இசைத்தட்டுகள் உள்ளன. இரண்டு: அவற்றை எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை, தங்களுக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று: ஆகவே அவை முழுவதையும் தங்களுக்கே விற்க விரும்புகிறேன். நான்கு: பின்னேரங்களில் பல்கனிக் கதவைத் திறந்தே வைப்பீர்களாயின் எனக்கு அது போதும்.

வாசிக்க வாசிக்க ஒஸ்வால்டின் முகம் வாடிக்கொண்டே போனது.

"எல்லாத்தையுமா அங்கிள்?"

"ஓம். எல்லாத்தையும். ஊசியையும் சேர்த்து." சிவக்கொழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டார். "போறதுக்கு முந்தி, ஒருக்கா உங்கட செட்டைக் காட்டுவீங்களோ?"

ஒஸ்வால்ட் கடிதத்தைப் பார்த்தார். சிவக்கொழுந்தைப் பார்த்தார். பிறகு, மாப்படிந்த கையாலேயே கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஐயோ அங்கிள், என்னட்ட ஒரு ரேடியோகூட இல்ல, நீங்க இதுகளை வித்துட்டா, ராமையா இண்டர்கொம் அடிக்கிற வரைக்கும் ஆன்ட்டி எதைப் போட்டு ஆடுவாங்க?"