சுவருக்குள் நடந்த பார்வதம்

பட்டாபிராம்,
14.7.1996

அன்புள்ள மாப்பிள்ளை ஆனந்தனுக்கு,

மாமனார் கஜபதி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியாரும் சௌக்கியம். அங்கே நீங்களும் என் மகள் பேபியும் நலமாயிருக்க வேண்டுகிறேன். புனேவுக்கு மாற்றலாகிப் போகும்போது நீங்கள் விட்டுச்சென்ற கம்ப்யூட்டரும் சௌக்கியம்தான். ஆனால் அதை உடனே வந்து எடுத்துச் செல்லவும்.

தூசு மட்டும் தட்டச் சொன்னீர்கள். முப்பது வருஷம் லேத் ஓட்டி ரிட்டயரான கை சும்மா இருக்குமா? பக்கத்திலிருந்த பேஸிக் என்ற கம்ப்யூட்டர் பாஷைப் புத்தகத்தைப் பிரித்தேன். திரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, பாதைக்குப் பூஜ்யம், சுவருக்கு ஒன்று, தண்ணீருக்கு இரண்டு என்று எண் கொடுத்தால், அந்தந்த எண்ணுக்கான சின்னப் படத்தை ஒட்டி ஒரு ஊரையே போட்டுவிடலாம் என்றிருந்தது. கோட்டையும் பூதமும் எனக்கெதற்கு என்று நம் தெருவையே போட்டேன். பார்வதம் குடத்தோடு அடிபம்புக்குப் போய்த் திரும்ப வேண்டும், அதுதான் விளையாட்டு. பதினாறுக்குப் பதினாறு புள்ளிக்குள் உங்கள் மாமியாரை அடக்குவது லேசில்லை. குடத்தை வரைந்தால் இடுப்புக்கு இடமில்லை. மூன்று வாரமாயிற்று.

பெருமையாகக் காட்டலாமென்று அவளையும் எதிர்வீட்டுக் குப்பம்மாவையும் கூப்பிட்டு உட்கார வைத்தேன். சுவர் வந்தால் நிற்கச் சொல்லும் வரியை எழுத மறந்திருக்கிறேன். பொத்தானை அழுத்தியதும் பார்வதம் நேராகக் குப்பம்மா வீட்டுச் சுவருக்குள் நுழைந்து, சமையலறை வழியாகப் பின்பக்கம் வெளியேறினாள்.

"இன்னா அண்ணாத்தே, ஆளில்லாத நேரத்துல உன் பொண்டாட்டி எங்க ஊட்டுல பூந்து போவுதா?" என்றாள் குப்பம்மா.

"நான் இன்னா திருடியா? போன வாரம் டம்ளர் காணோம்னியே, அத்த மனசுல வெச்சிகினுதான் பேசுறியா?" என்றாள் பார்வதம்.

டம்ளரில் தொடங்கிய பேச்சு எங்கெங்கோ போய், பதினைந்து வருஷ சிநேகம் என் கண்ணெதிரே அறுந்தது. பம்படியில் இருவரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். எனக்கு உப்பில்லாத ரசம். விட்ட வரியை எழுதிச் சேர்த்தேன். வாசலுக்கும் ஒன்று என்றே எண் கொடுத்திருந்தேனா, இப்போது திரையிலிருந்த பார்வதம் வீட்டைவிட்டே வெளியே வரவில்லை. எட்டிப் பார்த்த நிஜப் பார்வதம், "நெசத்துலயும் அப்டித்தான் கீறேன். உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை, மாப்பிள்ளை.

மறுநாள் வாசலுக்கு மூன்று என்று தனி எண் கொடுத்தேன். குப்பம்மாவையும் சிவப்புப் புடவையில் வரைந்து, ஒருத்தி பம்பு அடித்தால்தான் இன்னொருத்தி குடம் நிறையும் என்று விதி வைத்தேன். பிறகு எதிர்வீட்டுக்குப் போய், தப்பு என்னுடையது என்று சொல்லி அழைத்துவந்தேன். இருவரும் பேசாமலே கால் மணி நேரம் பொத்தானை அழுத்தினார்கள். கடைசியில் குப்பம்மாதான் வாய் திறந்தாள். "அடி பார்வதம், நான் அடிச்சிகினே கீறேன், நீ எங்க குடத்த தூக்கிகினு சுத்துற?" அதோடு இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நிஜ பம்புக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு இந்த வித்தை போதும். குடும்பஸ்தனுக்கு ஆகாது. இனி தொடமாட்டேன். பேபியையும் உங்களையும் கடவுள் குறையின்றி வைக்கட்டும். வேளைக்குச் சாப்பிடவும்.

இப்படிக்கு,
கஜபதி

பி.கு.: மேலே எழுதியதை மறந்துவிடவும். கடிதத்தை ஒட்டப் பசை தேடி உள்ளே போனால், பார்வதமும் குப்பம்மாவும் கட்டம் போட்ட நோட்டில் எண்களை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். சென்ட்ரல் வரைக்கும் ரயில் விடுகிறார்களாம். கம்ப்யூட்டர் இங்கேயே இருக்கட்டும். முடிந்தால் இன்னும் பெரிய திரையாக ஒன்று பார்க்கவும். அந்த ரயிலில் எனக்கும் ஒரு கட்டம் கேட்டேன். "இதுல எடமில்ல, அடுத்த வண்டில வா" என்கிறாள் உங்கள் மாமியார்.