எண்ணெய் பாட்டிலின் புத்தாண்டு வணக்கம்

"பாட்டில் கும்பிடலை, யெரின். கவுந்து விழுது!"

டீம் லீடர் பாங் பெரிய திரையைக் காட்டிக் கத்தினார்.

சியோல் நகரத்து எள்ளெண்ணெய்க் கம்பெனி ஒன்றின் வரவேற்புக் கூடம் அது. புத்தாண்டு வாழ்த்துப் படத்தில், பண்டிகை உடை போட்ட எண்ணெய் பாட்டில் ஒன்று மண்டியிட்டு, நெற்றி தரையில் பட வணங்க வேண்டும். சேர்மன் வந்து பார்ப்பார். பிடித்தால் பாங்கின் விளம்பர நிறுவனத்துக்கு வருடம் முழுவதும் வேலை. பிடிக்காவிட்டால் படத்தைச் செய்யும் யெரினுக்கு வேலையே இல்லை என்று பாங் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

தவறு எங்கே என்று யெரினுக்குத் தெரிந்தது. நிற்கும் நிலை ஒன்று, குனிந்த நிலை ஒன்று. இரண்டையும் கொடுத்துவிட்டால் நடுவில் வரும் படங்களைக் கணினியே போட்டுவிடும். ஆனால் ஒரே வேகத்தில் போடும். உயிருள்ள எதுவும் அப்படி அசையாது. மெல்லத் தொடங்கும், வேகமெடுக்கும், மெல்ல நிற்கும்.

வேகத்தை வளைத்தாள். பாட்டில் நின்ற பிறகும் உள்ளே எண்ணெய் ஒரு கணம் தளும்பி அடங்கும்படி செய்தாள். பாட்டிலுக்குப் பணிவு வந்துவிட்டது.

"அட, புது மருமக தோத்தா போ!" என்றார் பாங். "ஆனா குனிஞ்சது எப்படி வெடுக்குனு எந்திரிச்சு நிக்குது?"

படம் முடிந்து மறுபடி தொடங்கும் இடம் அது. கடைசிப் படமும் முதல் படமும் ஒன்றாக இருந்தால் ஒட்டு தெரியாது. யெரின் ஒட்டினாள். பாட்டில் அழகாக எழுந்தது. மறுபடி அழகாகக் குனிந்தது.

பாங்கின் முகம் வெளுத்தது. "அடிப்பாவி, ரெண்டு தடவை கும்பிடுது!"

கொரிய வழக்கப்படி உயிரோடு இருப்பவருக்கு ஒரு வணக்கம். இரண்டு, இறந்தவருக்கு. ஒட்டு தெரிந்தவரை அது படம் திரும்ப ஓடுவதாக இருந்தது. இப்போதோ அதே பாட்டில் இரண்டாம் முறை விழுந்து கும்பிட்டது.

"நடுவுல திரையை இருட்டாக்கிடறேன் சார்."

இருட்டாக்கினாள்.

"எழவு வீடு மாதிரி இருக்கு!"

"பூ தூவட்டுமா?"

அவசரத்தில் கைக்குக் கிடைத்தது வெள்ளைச் செவ்வந்தி.

"அது சாவுக்கு வைக்கிற பூ! பேசாம சேர்மன் போட்டோவையும் நடுவுல வெச்சிடு."

"அப்போ மூணு தடவை கும்பிடட்டுமா?"

"மூணு புத்தருக்கு!"

"நாலு?"

"ராஜாவுக்கு! ராஜாவுக்கு எங்கம்மா போறது?"

இருட்டையும் பூவையும் தூக்கிவிட்டு, ஒரு தடவை ஓடியதும் ரிமோட்டால் நிறுத்திவிடலாம் என்று யெரின் முடிவு செய்தாள். அதற்குள் கதவு திறந்தது. ஊழியர்கள் புடைசூழ சேர்மன்.

பாட்டில் வணங்கியது. எழுந்தது. யெரின் ரிமோட்டை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பாட்டில் மறுபடி வணங்கியது. மூன்றாவதுக்குக் குனியத் தொடங்கியபோது திரை அணைந்தது. மூலையில் காவலாளி மேங், கையில் பிளக்கோடு நின்றார்.



"இதைச் செஞ்சது யார்?" என்றார் சேர்மன்.

பாங்கின் விரல் யெரினை நோக்கி நீண்டது. மெல்லத் தொடங்கவும் இல்லை, மெல்ல நிற்கவும் இல்லை.

சேர்மன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டே ரெண்டு. கச்சிதம். அந்த எண்ணெய் தளும்பி அடங்கினப்போ எனக்கு நெஞ்சே தளும்பிடுச்சு. இனி நம்ம படம் எல்லாத்தையும் இந்தப் பொண்ணுதான் செய்யணும்."

கைதட்டல் கூரையைத் தொட்டது. "என் பயிற்சி!" என்று பாங் எல்லோரிடமும் கைகுலுக்கினார்.

யெரினுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. மேங்கிடம் போய்க் கிசுகிசுத்தாள். "அண்ணே, ரெண்டு தடவை கும்பிட்டா அவருக்குக் கோபம்தானே வரணும்?"

மேங் வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "அவருக்கு எதுக்கும்மா கோபம்? பின்னாடி திரும்பிப் பாரு, திரைக்கு நேர் எதிர்ல காலமான அவங்கப்பா படத்தை இப்பதானே மாட்டினேன்."