முந்தைய பயன்பாடு

எங்கள் ஊரான வெர்லன்பாக்கில், நாஜிகளின் குற்றங்களை ஆவணப்படுத்தும் நினைவு மையம் ஒன்று கட்டப்பட்டுவருகிறது. நான் பிறப்பதற்கு முன்பே ஆரம்பித்த வேலை. நான் பிறந்து, பல் முளைத்து, பல் விழுந்து, பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி, ரொட்டிக் கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டேன். மையத்துக்கு இன்னும் கூரை வரவில்லை.

யாரும் சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். மூன்று மேயர்கள் மூன்று முறை அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். மூன்று பேருமே மாலை வைத்து, தலை குனிந்து, "இனி ஒருபோதும் நடக்காது" என்று பேசினார்கள். கட்டட வேலையைத்தான் சொல்கிறார்கள் என்று ஊரில் புரிந்துகொண்டோம்.

பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் எங்களை வரிசையாக அழைத்துப் போய் மனையைச் சுற்றிய வேலியைக் காட்டுவார்கள். திரும்பி வந்து கட்டுரை எழுத வேண்டும். "நான் ஆழ்ந்த அதிர்ச்சிக்கு உள்ளானேன்" என்று எழுதினால் நல்ல மதிப்பெண். நான் "வேலி பச்சையாக இருந்தது" என்று எழுதினேன். பெற்றோரை அழைத்துவரச் சொன்னார்கள்.

தாமதம் ஆரம்பித்தது கட்டடக்கலைஞர் திருமதி ஃபோஸின் வரைபடத்தில். அதில் சுவரெல்லாம் சாய்ந்திருக்கும், ஜன்னலே கிடையாது. உள்ளே வருகிறவருக்கு நெஞ்சு அடைக்க வேண்டும் என்பது அவரது கலைக் கொள்கை. இப்போது எல்லா ஊரிலும் இதுதான் நாகரிகம். எங்கள் ஊர் நீச்சல்குளத்தையே சாய்வாகத்தான் கட்டியிருக்கிறார்கள். அங்கேயும் நெஞ்சு அடைக்கிறது.

கட்டட அனுமதி அலுவலர் திரு கெட்டல்ஹூட் விதிகளைப் பிரித்தார்.

"பொதுக் கட்டடத்துல யாருக்கும் நெஞ்சு அடைக்கக் கூடாது, மேடம்."

"அடைக்கணும் சார்! அதுக்குத்தானே கட்டுறோம்!"

"சரி, அடைக்கட்டும். ஆனா அடைச்ச எடத்துலேருந்து வெளியே போற வழி தெரியணும். பச்சை விளக்குல ஓடுற மனுஷன் படம் ஒண்ணு மாட்டிடுங்க."

"பயங்கரத்துக்கு நடுவுல பச்சை விளக்கா?"

"கைப்பிடியும் வேணும். ரெண்டு பக்கமும்."

இந்த உரையாடல் சில ஆண்டுகள் நீடித்தது. அதற்குள் தோண்டிய குழியில் மழைநீர் தேங்கி, தேரைகள் குடியேறின. அரிய இனமாம். அவற்றை ஒருபோதும் அங்கிருந்து அப்புறப்படுத்தக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்த மனையிலிருந்து அப்புறப்படுத்தப்படாமல் அரசுப் பாதுகாப்பு பெற்ற முதல் குடும்பங்கள் அவைதான்.

இதில் அவசரம் ஒரே ஒருவருக்குத்தான் இருந்தது. அல்வின் ரோஸ்கா. எண்பதைத் தாண்டிய மனிதர், ஆனால் வாய்க்கு வயதாகவில்லை. அந்த மனைக்கு அடியில் ரகசியப் போலீசின் பழைய நிலவறை அப்படியே இருக்கிறது. போர்க்காலத்தில் நாஜிகளுக்கு எதிராகத் துண்டறிக்கை ஒட்டியதற்காக அவரையும் அண்ணன் ஏவால்டையும் அங்கே பக்கத்துப் பக்கத்து அறைகளில் அடைத்தார்கள்.

"ராத்திரி பூரா அண்ணன் சுவத்துல எதையோ கீறிக்கிட்டே இருந்தான். கேட்டுக்கிட்டே தூங்கிட்டேன். காலையில அவன் அறை காலி" என்று அவர் கெட்டல்ஹூட்டிடம் சொன்னார். "என்ன எழுதினான்னு பாக்கணும். அவ்வளவுதான்."

"பார்வையாளரா உங்களை அனுமதிக்க முடியாதுங்க ஐயா. அந்த அறைக்கு உயரம் பத்தாது, காத்தோட்டம் இல்ல, கழிப்பறை இல்ல. மனுஷங்க இருக்கத் தகுந்த எடமே இல்ல."

"அதை எங்கிட்டயே சொல்றியா தம்பி?"

கெட்டல்ஹூட் கெட்டவர் அல்ல. உண்மையிலேயே உதவ ஆசைப்பட்டார். ஒரு வாரம் விதிகளில் மூழ்கி, முகம் மலர்ந்து வந்தார்.

"வழி இருக்கு! புதுப் பயன்பாட்டுக்குத்தான் புது அனுமதி வேணும். முந்தைய பயன்பாடு அப்படியே தொடர்ந்தா, பழைய அனுமதியே செல்லும். அருங்காட்சியகம்னாதான் சிக்கல். சிறைன்னா ஒரு குறையும் இல்ல."

"அதாவது?"

"பார்வையாளரா நீங்க உள்ளே போக முடியாது. கைதியா போகலாம்."

கேட்டுக்கொண்டிருந்த மேயருக்கு வியர்த்தது. அல்வின் மட்டும் சிரித்தார்.

"எனக்கு அங்க முன் அனுபவம் வேற இருக்கு. கூரை போடுற வரைக்கும் நான் இருக்க மாட்டேன். கைதியாவே விடுப்பா."

அவர் உள்ளே போகிற நாளில் ஊரே வந்தது. மேயர், திருமதி ஃபோஸ், ஒரு ஆசிரியையும் அவர் வகுப்பும், பத்திரிகைக்காரர்கள். நான் விழாவுக்கு ரொட்டி கொண்டுபோயிருந்தேன். எல்லோரும் நிலவறைக்குள் இறங்கியதும், அல்வின் குனிந்து அண்ணனின் அறைக்குள் நுழைந்தார். கெட்டல்ஹூட் இரும்புக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

"சாத்தணுமா என்ன?" என்றார் திருமதி ஃபோஸ்.

"திறந்திருந்தா அது பார்வையிடுறது மேடம். சாத்தினாதான் அடைக்கிறது."

வெகுநேரம் அவரது கைவிளக்கின் வெளிச்சம் கதவிடுக்கில் அசைந்தது.

"கிடைச்சுதா ஐயா?" மேயர் கதவருகே குனிந்தார். "என்ன எழுதியிருக்கார்?"

"'அல்வின், குறட்டையை நிறுத்துடா.'"

பத்திரிகைக்காரர்கள் பேனாவைக் கீழே இறக்கினார்கள். மக்களுக்குச் செய்தி விட்டுப்போகாத தியாகியை அவர்கள் பார்த்ததில்லை. உள்ளே அல்வின் சிரித்தாரா, அழுதாரா என்று இரும்புக் கதவு வழியாகத் தெரியவில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"படிச்சாச்சு. திறங்கப்பா."

கெட்டல்ஹூட் தாழ்ப்பாளுக்குக் கையைக் கொண்டுபோனார். பாதியில் கை நின்றது.

"ஒரு சின்னச் சிக்கல். அடைக்கப் பழைய அனுமதி போதும். ஆனா முந்தைய பயன்பாட்டின்படி, விடுதலைக்கு மேலிடத்து ஆணை வேணும்."

"எந்த மேலிடம்?" என்றார் மேயர்.

"ரகசியப் போலீஸ். அதை நாப்பத்தஞ்சுலயே கலைச்சுட்டாங்க."

எல்லோரும் மேயரைப் பார்த்தார்கள். மனை மாநில அரசுக்குச் சொந்தம், நகராட்சிக்கு அதில் அதிகாரமே இல்லை என்றார் அவர். நிலவறை தன் வரைபடத்திலேயே இல்லை என்றார் திருமதி ஃபோஸ். ஆசிரியை, பிள்ளைகளுக்கு மட்டும்தான் தான் பொறுப்பு என்று அவர்களை இரண்டடி பின்னால் நகர்த்தினார். என்னைப் பார்த்தார்கள். நான் ரொட்டி கொண்டுவந்தவள் என்றேன்.

"தம்பி" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பூட்டு கீட்டு ஏதாச்சும் போட்டிருக்கியா?"

"இல்லீங்க ஐயா. வெறும் தாழ்ப்பாள்தான். இழுத்தா வந்துடும்."

"எந்தப் பக்கம் இருக்கு?"

"எங்க பக்கம்."

"அன்னிக்கும் உங்க பக்கந்தான் இருந்துச்சு."

கெட்டல்ஹூட் தொண்டையைச் செருமிக்கொண்டு, அந்தத் தாழ்ப்பாள் எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பதைத் திங்கட்கிழமை அலுவலகம் திறந்ததும் முதல் வேலையாக விசாரித்துச் சொல்வதாக அறிவித்தார்.

நாங்கள் எல்லோரும், நானும்தான், நிம்மதியாகத் தலையாட்டினோம்.