பிடித்த வரியைக் கட்டாத பெரியமனிதர்

திருப்பூரில் தெருவுக்கு ஒருவராவது இருக்கும் ஓர் இனத்தை உங்களுக்குக் காட்ட வேண்டும். வேலை செய்கிறவர்களின் சம்பளத்தில் வருமான வரியை மாதம் தவறாமல் பிடித்துக்கொண்டு, அரசாங்கத்துக்குக் கட்ட மட்டும் மறந்துவிடுகிற பெரியமனிதர் இனம். மறதியா? நூல் மில்லுக்குக் கட்டுவார், சாயப்பட்டறைக்குக் கட்டுவார், கும்பாபிஷேக ஃபிளெக்ஸில் தன் படம் முருகனைவிடப் பெரிதாக வர நன்கொடையும் கட்டுவார். வரிப்பணம் மட்டும் தொழிலுக்குள்ளேயே ரொட்டேஷனில் சுற்றிக்கொண்டிருக்கும்.

மங்கலத்தில் பனியன் கம்பெனி நடத்தும் மகுடேஸ்வரன் இந்த இனத்தில் தேர்ந்தவர். அவரிடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருக்கும் ஜெயபாரதி, அட்வான்ஸ் கொடுத்துப் பேசிவைத்த வீட்டுக்குக் கடன் கேட்டு வங்கிக்குப் போனாள். சம்பளச் சீட்டில் வரி பிடித்திருக்கிறது. வருமான வரிக் கணக்கிலோ அவள் பேரில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. எதை நம்புவது என்று வங்கி கேட்டது. மாதக் கடைசிக்குள் கிரயம் முடியாவிட்டால் வீடு போய்விடும்.

"ஏனுங்க சார், அந்த வரிப்பணம்..."

"பையர் பேமெண்ட் வரட்டும் கண்ணு. நீ நம்ம ஊட்டுப் புள்ள. உன்ற காசு எங்க போயிரும்?"

இப்படியே மூன்று வாரம் போனது. பிறகு ஒருநாள் அவரே போனில் கொதித்துக்கொண்டிருந்தார். அவரிடம் தைக்கக் கொடுத்த எக்ஸ்போர்ட்டர் ஒருவர், மகுடேஸ்வரனின் பில்லில் வரியைப் பிடித்துவிட்டுக் கட்டவே இல்லையாம்.

"அது உங்க காசில்லீங்க. என்ற பேர்ல கட்டறதுக்குப் புடிச்ச காசு. அத வெச்சுட்டு உங்களுக்கு எப்படீங்க சோறு எறங்குது?"

கையில் சாம்பிள் டி-ஷர்ட்டோடு நின்ற ஜெயபாரதி, அவர் போனை வைக்கும்வரை காத்திருந்தாள்.

"நானும் இதயேதானுங்க சார் சொன்னேன். உங்களாட்டம் எனக்குப் பேச வரலீங்க."

மகுடேஸ்வரன் அவளைப் பரிவோடு பார்த்தார். "அது வியாபாரம் கண்ணு. இது குடும்பம்."

குடும்பத்துக்குள் யாராவது வரி கட்டுவார்களா? வீடு வேறொருவர் பேருக்குக் கிரயமானது. ஜெயபாரதி வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். அங்கே சம்பளம் எவ்வளவு என்று கேட்கும் முன்பே, பிடிக்கிற வரியை எந்தத் தேதியில் கட்டுவீர்கள் என்று கேட்டாளாம். மகுடேஸ்வரனோ, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு விசுவாசமே இல்லை என்று டீ குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் வருந்துகிறார்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்களுக்குக் கம்பெனி இல்லை, சரி. கரண்ட் பில் கட்டச் சொல்லி உங்கள் மாமியார் அனுப்பிய பணம் இன்னும் உங்கள் ஜிபேயில்தானே இருக்கிறது? அதைக் கட்டிவிட்டு வந்து சிரியுங்கள்.