உண்டியலில் போட்ட கோர்ட்டுச் சீட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பன்னிரண்டு வருஷமாக யோசித்திருக்கிறேன். இரண்டு முறை இன்லேண்ட் லெட்டர் வாங்கி எழுத உட்கார்ந்து, கடைசியில் அதில் மகளுக்கு நலம் விசாரித்து அனுப்பிவிட்டேன். நான் எட்டாவது வரை படித்தவன். வேன் ஓட்டிப் பிழைத்தவன். நம் முட்டாள்தனத்தை நாமே பத்திரிகையில் போட்டுக்கொள்வதா என்று வெட்கம் வேறு. போன வெள்ளிக்கிழமை விளக்கேற்றி முடித்ததும் வீட்டில் அவள், "எழுதித் தொலைங்களேன், பாரமாவது இறங்கட்டும்" என்றாள். எழுதுகிறேன்.

தாம்பரத்தில் ஆரம்பித்து ஊரப்பாக்கம் தாண்டித் தேடினாலும் வாய்தா அண்ணன் மாதிரி இன்னொரு மனுஷன் கிடைக்க மாட்டான். ஆண்டவன் இன்னொருவரைப் படைத்திருந்தால் அந்த ஆளுக்காகத் தனியாக ஒரு கோர்ட்டே கட்ட வேண்டியிருக்கும்.

கோர்ட்டுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் ஒரு டைப்ரைட்டர், ஒரு ஸ்டூல், அதன்மேல் அவர். மனு டைப் அடித்துக் கொடுப்பது தொழில். எது கேட்டாலும் உடனே நடக்காது. "வியாழக்கிழமை வா." டீயைக்கூட ஒரே மூச்சில் குடிக்க மாட்டார். பாதி குடித்துவிட்டு, "மீதிக்கு வாய்தா" என்று கிளாஸை மூடி வைப்பார். பல்லில் வலி வந்தபோது டாக்டரிடம் போகாமல் பல்லுக்கே மூன்று வாரம் டைம் கொடுத்தார். பல் கேட்கவில்லை, தானே விழுந்தது. "எக்ஸ்பார்ட்டி ஆயிட்ச்சு பாரு, நாம ஆஜராவாமயே தீர்ப்பு" என்றார். கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை. பதில் தெரிந்ததுதானே.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது பிள்ளையாரால்.

எண்பதுகளின் கடைசியில் சேலையூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். எந்தக் கோயிலைக் கடந்தாலும் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிடுவது என் வழக்கம். ஸ்டியரிங்கை முழங்காலால் பிடித்துக்கொள்வேன். பதினாறு வருஷத்தில் ஒரு கீறல் கிடையாது. ஒரு நாள் ஜி.எஸ்.டி. ரோட்டில், பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வரும்போது, பிள்ளையாரைக் கும்பிட்டு நிமிர்ந்தால் எதிரே டிராபிக் போலீஸ்.

"ஏம்ப்பா, ஒத்தைக் கையால கும்பிட்டா சாமி கோவிச்சுக்குமா?"

"ஒத்தைக் கையால கும்பிட்டா அது சலாம் சார், கும்பிடு இல்லை."

வாயை மூடிக்கொண்டிருந்தால் திட்டி விட்டிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. லைசென்ஸை வாங்கிக்கொண்டார். "கோர்ட்டுல வந்து வாங்கிக்கோ" என்று ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். கேஸ் நம்பர், போக வேண்டிய தேதி, ஸ்டேஷன், எல்லாம் அந்தச் சீட்டில்தான்.

எனக்கு மனசு தாளவில்லை. பிள்ளையாரைக் கும்பிட்டதால் வந்த கேஸ். அவரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். சீட்டை மஞ்சள் துணியில் முடிந்து, அதே பிள்ளையார் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். படித்தவர்கள் சிரிப்பீர்கள். அன்றைக்கு அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளையார் முடித்துவிட்டார் என்றே நம்பினேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குப் புது கரஸ்பாண்டன்ட் வந்தார். எல்லா டிரைவரும் லைசென்ஸ் காட்ட வேண்டும் என்றார். என் முறை வந்தது. "பத்து நாள் தர்றேன். பதினொன்னாம் நாள் காலையில லைசென்ஸ் இல்லேன்னா சாவியை வச்சிட்டுப் போயிடுங்க." அதுவரை வண்டியைத் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார். வேறு தொழில் எனக்குத் தெரியாது. வீட்டில் நாலு வயிறு.

கோர்ட்டு என்றால் பெரிய கோர்ட்டுதான் என்று நினைத்து நேராகச் செங்கல்பட்டு போனேன். மூன்று நாள் அங்கே வராந்தா வராந்தாவாக அலைந்தேன். எந்த ஜன்னலில் கேட்டாலும் ஒரே கேள்வி. நம்பர் என்ன? நாலாம் நாள் யாரோ இரக்கப்பட்டு, "தாம்பரம் பக்கமே கோர்ட்டு இருக்கே, அங்கே பாருங்க" என்றார். அங்கே வந்தேன்.

ஜன்னலில் இருந்த கிளார்க் பொறுமையானவர். "கேஸ் நம்பர்?"

"தெரியாதுங்க."

"எந்த ஸ்டேஷன் பிடிச்சது?"

"தெரியாதுங்க."

"என்ன தேதின்னாவது தெரியுமா?"

"ஆவணி மாசத்து சங்கடஹர சதுர்த்தி சார்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "எதிர்ல மரத்தடிக்குப் போங்க" என்றார்.

வாய்தா அண்ணன் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து என்னைச் சுற்றி ஒரு வலம் வந்தார்.

"பதினெட்டு வருசமா இங்க குந்திகினு கீறேன். சீட்ட தொலைச்சவன் வந்துகிறான். சீட்ட ஆடு தின்னுட்ச்சுன்னு வந்துகிறான். உண்டியல்ல போட்டவன் நீதான் சாமி மொதல்ல!"

"அண்ணே, ஆறு நாள்தான் இருக்கு."

"வியாழக்கிழமை வா."

நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். வேட்டி கட்டிய நாற்பது வயசு ஆள் அழுவதைக் கோர்ட்டு வாசலே பார்த்தது. அவர் பதறிப்போனார். "யோவ், எழுந்திரு. பேஜார் பண்ணாத. வா, உன் சாமிகிட்டயே போய்க் கேப்போம்."

மரத்தடியை விட்டு அவர் நகர்ந்ததைப் பார்த்து டீக்கடைக்காரர் வெளியே வந்து நின்றார். கோயிலில் தர்மகர்த்தாவிடம் கேட்டோம். "தைப்பூசம் கழிச்சுத்தான் உண்டியல் தொறப்போம். அதுக்கும் ஆபீசர் வரணும்" என்று சொல்லிவிட்டார். வாய்தா அண்ணனின் முகம் மலர்ந்தது. "அட, இங்கயும் வாய்தாவா!" என்று பிள்ளையாரைப் பார்த்து, ஏதோ தன் சொந்தக்காரரைக் கண்டுபிடித்தது போல, இரண்டு கையையும் கூப்பினார்.

திரும்பி வரும் வழியில்தான் எனக்குக் கோர்ட்டு விஷயம் புரிந்தது. "உன் வூடு எங்க கீதுன்னு கோர்ட்டு கேக்காது. எங்க மாட்னியோ, அந்த எடம் எந்த ஸ்டேஷனோ, அந்த ஸ்டேஷன் எந்த கோர்ட்டோ, அங்கதான் கேசு. உன் பேர வச்சு எவனும் தேட மாட்டான். ஒரே பேர்ல நூறு பேரு கீறான். புக்குல ஸ்டேஷன் வாரியா, தேதி வாரியா எழுதிகினு போவாங்க. அந்த ரெண்டைக் குடுத்தா நம்பர் தானா வரும். சொல்லு, ரோட்டுக்கு எந்தப் பக்கம்?"

"கிழக்குப் பக்கம். மேற்கே பார்த்து உட்கார்ந்திருக்கார்."

"யோவ், சாமி எங்க குந்திகினா எனக்கு இன்னா? உன் வண்டி எந்தப் பக்கம் இருந்துச்சு?"

ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன், அந்தப் பக்கம் வேறு ஸ்டேஷனாம். யோசித்துச் சொன்னேன். டீக்கடைக் காலண்டரில் பழைய மாதத்தைப் புரட்டி, சதுர்த்தி என்ன தேதி என்று பார்த்துத் துண்டுத்தாளில் எழுதினார். இரண்டையும் கொண்டுபோய்க் கொடுத்ததும் கிளார்க் பெரிய ரிஜிஸ்டரை விரித்தார். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. விரலை வைத்து, "இதோ" என்றார். என் பேர், என் அப்பா பேர், வண்டி நம்பர், எல்லாம் இருந்தது. தூக்கில் போடப் போகிறவன் பேர் மாதிரி இருந்தது.

பக்கத்தில் சிவப்பு மையில் ஏதோ எழுதியிருந்தது. வாய்தா அண்ணன் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார்.

"மூணு தபா உன் பேரக் கூப்ட்டுகிறாங்க. நீ வரல. பிடிவாரண்ட் போட்டுகீது சாமி."

மூன்று மாதமாகத் தினமும் போலீஸ் ஸ்டேஷன் வாசல் வழியாகத்தான், கும்பிட்டுக்கொண்டே போய் வந்திருக்கிறேன்.

போலீஸ் வந்து பிடிப்பதற்குள் நாமே போய் நின்று, வாரண்ட்டை ரத்து செய்யச் சொல்லி மனுப் போட வேண்டும் என்றார். நடுவில் சனி, ஞாயிறு, அதற்கு மேல் ஒரு லீவு, மாஜிஸ்திரேட் வேறு இரண்டு நாள் விடுப்பு. பத்தாம் நாள்தான் கோர்ட்டு. அன்று காலை ஏழு மணிக்கே வந்து டைப் அடித்து வைத்திருந்தார். படித்துக் காட்டச் சொன்னேன். கடும் காய்ச்சலில் படுத்த படுக்கையாக இருந்ததால் ஆஜராக முடியவில்லை என்று இருந்தது.

"எனக்குக் காய்ச்சல் வரலையே அண்ணே."

"எல்லாருக்கும் காய்ச்சல்தான் போடறது. ஊர்ல எவனும் வேற வியாதியில ஆப்சென்ட் ஆனதில்ல."

"சாமி பேர்ல ஆரம்பிச்ச கேஸ். பொய்யில முடிக்க மாட்டேன்."

"நீ வெளங்கமாட்ட! சாவு!" என்று காகிதத்தைக் கிழித்து என் மேலேயே போட்டார். அம்மா, அக்கா என்று அவர் சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. திட்டிக்கொண்டேதான் புதுக் காகிதத்தைச் செருகினார். உண்டியலில் போட்டது போட்டபடி அடித்தார்.

மாஜிஸ்திரேட் மனுவைப் படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"உண்டியலா?"

"ஆமாங்க ஐயா."

பேர் கூப்பிடும் டவாலி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அவர் தோள் குலுங்கியது. மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. "இனிமேல் இரண்டு கையும் ஸ்டியரிங்ல இருக்கணும். சாமி மனசுல இருந்தா போதும்" என்றார். அபராதம் போட்டு வாரண்ட்டை ரத்து செய்தார். ஆனால் என் மனு எடுத்ததே சாயங்காலம். லைசென்ஸ் மறுநாள் பதினோரு மணிக்குத்தான் கைக்கு வந்தது.

பதினொன்றாம் நாள் காலை எட்டு மணிக்கே சாவி வேறொருவர் கைக்குப் போயிருந்தது. நான் லைசென்ஸோடு போனபோது என் வேன் கழுவித் துடைத்து நின்றது. ஜன்னலில் நான் ஒட்டிய பிள்ளையார் படத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடக் கேட்டில் உட்கார்ந்திருந்தேன். கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி வாய்தா அண்ணன் வந்தார். கையில் கோர்ட்டு முத்திரை போட்ட ஒரு நகல். கேஸ் நேற்றே முடிந்தது என்பதற்கு அத்தாட்சி. அவசர மனுப் போட்டு வாங்கி வந்திருக்கிறார். இரண்டு பேரும் உள்ளே போனோம்.

கரஸ்பாண்டன்ட் அதைப் படிக்கவே இல்லை. "நீங்க யாரு, வக்கீலா?"

"இல்லீங்க."

"பின்னே?"

கோர்ட்டு வாசலில் யாருக்கும் பயப்படாத அந்த வாய் ஒரு நிமிஷம் திணறியது. என்னைப் பார்த்தார். "அண்ணனுங்க. இவனுக்கு நான் அண்ணன். பெரிய மனசு பண்ணுங்க சார். இவன் பொய் சொல்ல மாட்டான் சார்" என்று சொல்லி, குனிந்து அவர் மேஜையைத் தொட்டுக் கும்பிட்டார்.

வேலை கிடைக்கவில்லை. மூன்று நாள் அண்ணன் அந்தக் கேட்டில் வந்து உட்கார்ந்தார். நாலாம் நாள் வாட்ச்மேன் வெளியே தள்ளினான். பிறகு நான் ஒரு கல்குவாரியில் லாரி ஓட்டினேன், முதுகு போனது, பிள்ளைகள் படிப்பு நின்றது. ஒரு கும்பிடுக்கு இவ்வளவா என்று எத்தனையோ நாள் ஆண்டவனிடம் கேட்டிருக்கிறேன். அண்ணனும் இப்போது இல்லை. மஞ்சள் காமாலை என்றார்கள். நான் போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதாக இருந்தால் உள்ளது உள்ளபடி சொல்லுங்கள். அவரை மகான் ஆக்கிவிட வேண்டாம். கெட்ட வார்த்தைகளை எடுத்துவிட்டுச் சொல்ல வேண்டாம். மனுவைக் கிழித்தபோது அவர் என் தலையில் அடித்ததை நான் எழுத மறந்துவிட்டேன், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் அப்படியே வேண்டும்.