இரண்டு முனையிலும் நின்ற பூட்டன்

இயேசு மரி சூசை துணை

குளச்சல்

கரையில் கால் தரிக்காத என் அருமைத் தம்பி ஷிபினுக்கு, அக்கா வேளாங்கண்ணி எழுதுவது. நானும், உன் அத்தான் கபிரியேலும், எங்க மகள் ஜின்சியும் மாதாவின் புண்ணியத்தில் சுகம். உன் சுகமும், உன்னிடம் தினமும் ஏச்சு வாங்கும் அந்தக் கப்பல் சமையல்காரனின் சுகமும் அறிய ஆவல். போனில் சொன்னால் நீ இடையில சிரிச்சு என் பேச்சைக் கெடுப்ப. அதனால நாலாங்கிளாஸ் படிப்பை வச்சு எழுதுறேன். எழுத்தைப் பாத்து நீ சிரிச்சா எனக்குத் தெரியவா போகுது.

ஜின்சி கல்யாணத்துக்கு வர லீவு கிட்டல எண்ணு, நீ கொழும்பில இருந்து கூட்டுக்காரன் கையில கொடுத்து விட்ட படம் வந்து சேர்ந்துது. ரொம்ப நன்றி மக்கா. குழலைத் தொறந்தா படம் வருது, வருது, வந்துக்கிட்டே இருக்கு. பாயை விட நீளம். நூறு வருஷத்துக்கு முந்தின துறைமுகம், புகை விடுற கப்பல், பாதி கட்டின கட்டடம், அதுக்கு மேல மூங்கில் சாரம். ஒரு முனைக்கு அம்மிக்குழவியும் மறு முனைக்கு அயன்பாக்ஸும் வச்சாத்தான் சுருளாமக் கிடந்துது. அத்தனை நீளச் சுவரு நம்ம வீட்டுல ஏது? உன் அத்தான் ஜன்னலுக்குக் குறுக்கே ஆணி அடிச்சு மாட்டிட்டாரு. காத்து வேணுமெண்ணா படத்துல உள்ள கடலைப் பாருட்டி எண்ணு எனக்கு உபதேசம் வேற.

அதோட விட்டாரா? இடது முனையில ஒரு ஆளு நிக்கியான். தலைக்கட்டு, இடுப்புல கை, வேட்டியில ஒரு ஒட்டு. 'ஏட்டி, இது எங்க மிக்கேல் பூட்டன். கொழும்புக்குப் போனவரு திரும்பி வரல்ல. நிக்கிற நிப்பைப் பாரு, எங்க அப்பா மாதிரியே' எண்ணாரு. கொழும்புக்குப் போன ஆளு கொழும்பில நிக்கியதுல என்ன அதிசயம் எண்ணு நானும் ஒரு மெழுகுதிரி கொளுத்தி வச்சேன்.

கோயில்ல கல்யாண ஓலை ரெண்டு தடவை வாசிச்சாச்சு. மூணாவதும் வாசிச்சாத் தீர்ந்துது, அதுக்குள்ள தடை ஏதும் தெரிஞ்சா சாமியார்கிட்ட சொல்லணும் இல்லியா. அந்த வாரம் பாத்து மாப்பிள்ளை ஜெஃப்ரினும் அவன் அப்பா பனிதாசன் சம்மந்தியும் முட்டத்துல இருந்து பந்தல் காரியம் பேச வந்தாங்க. பந்தலை எவன் பேசினான்? சம்மந்தி படத்தோட வலது முனையில மூக்கை வச்சுக்கிட்டு நிக்கியாரு. 'இது எங்க சூசைப் பூட்டன். கொழும்பில காணாமப் போனவரு.' போய்ப் பாத்தா அதே தலைக்கட்டு, இடுப்புல கை, வேட்டியில அதே ஒட்டு.

இரட்டைப் பிள்ளைகளா இருக்கும், ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிடுங்க எண்ணு நான் சமாளிச்சேன். உடனே ஜின்சி, 'இல்லம்மா, இது கேமராவைச் சுத்திக்கிட்டே எடுத்த படம்' எண்ணு போனை எடுத்தா. ஜெஃப்ரினை ஒரு முனையில நிறுத்தி போனைப் பையச் சுத்துறா. அவன் அவளுக்குப் பின்னால ஓடி மறு முனையில வந்து நிக்கியான். ஓடுன ஓட்டத்துல என் மீன்கூடைக்குள்ள காலை விட்டான். படத்துல ஒரே ஜெஃப்ரின் ரெண்டு பக்கமும், ஒரு பக்கம் காலில கூடையோட. பிள்ளை உதவி செய்ய வந்து காரியத்தைக் கெடுத்துட்டா. இப்பம் ஒரே ஆளு, குளச்சல்ல மிக்கேல், முட்டத்துல சூசை, ரெண்டு ஊர்லயும் ரெண்டு குடும்பம். அப்பம் பொண்ணும் மாப்பிள்ளையும் அண்ணன் தங்கச்சி முறை.

ஒருத்தர் விட்டுக் கொடுத்தாப் போச்சு. யாரு கொடுப்பா? 'நீரு பூட்டன் முகத்தைக் கண்டிருக்கீரா?' எண்ணு இவருகிட்ட கேட்டேன். 'இடுப்புல கை இருக்கே.' 'எனக்கும்தான் இப்பம் இடுப்புல கை இருக்கு, நான் உம்ம பூட்டியா?' ஜின்சி சோத்தைப் பிசைஞ்சு பிசைஞ்சு அப்படியே வச்சிட்டு எந்திரிச்சுப் போவா. அதைத்தான் மக்கா என்னால பாக்க முடியல.

சனிக்கிழமை சாமியார் ரெண்டு அப்பன்மாரையும் கூப்பிட்டாரு. 'தடை உண்டா, சொல்லுங்க.' உன் அத்தான் எந்திரிச்சாரு. தொண்டையைச் செருமிக்கிட்டு, 'சாமி, அது எங்க பூட்டன் இல்ல' எண்ணாரு. அவரு வாய மூடும் முன்ன சம்மந்தியும் எந்திரிச்சு, 'எங்க பூட்டனும் இல்ல சாமி.' பிறகு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு நிக்கியாங்க, இழுத்துக் கரையேத்தின மீனைக் கைதவறி விட்டவங்க மாதிரி. குழம்புல ஒரு மீன் தலையைக்கூட விட்டுக் கொடுக்காத மனுஷன், பிள்ளைக்காகப் பூட்டனையே விட்டுக் கொடுத்துட்டாரு. வெளிய வந்து கண்ணுல தூசி எண்ணாரு. நானும் கோயில்ல ஏது தூசி எண்ணு கேக்கல. நீ அந்தப் படத்தை அனுப்பலெண்ணா இதை நான் சாகும் வரை கண்டிருக்க மாட்டேன். இந்தக் கடிதமே அந்த நன்றிக்குத்தான்.

மூணாவது ஓலையும் வாசிச்சு கல்யாணமும் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா படத்துல நிக்கிற மனுஷனுக்கு இப்பம் ஆளில்ல பாரு. ரெண்டு முனையிலும் நிண்ணுக்கிட்டு நம்மையே பாப்பான், பாவமா இருக்கும். ஜின்சிதான், 'ரெண்டு வீட்டுக்கும் வேண்டாமெண்ணா நான் கொண்டு போறேன்' எண்ணு படத்தைச் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டு முட்டத்துக்குப் போனா. எனக்கு ஜன்னல் திரும்பிக் கிட்டிச்சு.

சவேரியார் உன் கப்பலுக்கு முன்னால நடந்து வழி காட்டட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, சமையல்காரனை ஏசாத.

அன்புள்ள அக்கா,
வேளாங்கண்ணி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில போனில நீ பேசி அனுப்பின குரல் வந்துது. 'கொழும்பில வாங்கி அனுப்பின பழைய ரங்கூன் படம் கிட்டிச்சா அக்கா?' எண்ணு கேட்டிருக்க. படத்துல உள்ளது ரங்கூன் எண்ணு முந்தியே சொல்ல உனக்கு வாயில கொழுக்கட்டையா? இண்ணைக்கு சம்மந்தியும் வந்திருந்தாரு, ரெண்டு பேருக்கும் போட்டுக் கேக்க வச்சேன். பிறகு உன் அத்தான் கையை இடுப்புல கொடுத்துக்கிட்டு, 'அப்பம் எங்க பூட்டன் ரங்கூன் வரைக்கும் போயிருக்காரு' எண்ணாரு. சம்மந்தி, 'எங்க பூட்டன் அவருக்கு முன்னாலயே போயாச்சு' எண்ணாரு.