எறும்பு வராத தட்டு

அந்த வாரம் பிஜித் தீவின் வரதோலியில் எறும்புகளுக்கு இருந்த மரியாதை மனிதர்களுக்கு இல்லை. சிகடோகாவிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு சாமியார் நீரிழிவை மூன்றே நாளில் விரட்டுகிறாராம். நோயாளியின் சிறுநீரைத் தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றினால் எறும்பு மொய்க்கும். மூன்று நாள் தீர்த்தம் குடித்தபின் சாமியாரின் பித்தளைத் தட்டில் ஊற்றினால் ஒரு எறும்பும் எட்டிப் பார்க்காது. காணிக்கை ஆளுக்கு ஒரு கோழி. இந்துக் கோழி, முஸ்லிம் கோழி, கிறிஸ்தவக் கோழி என்ற பேதமெல்லாம் அவர் பார்ப்பதில்லை. பெரிய மனசு.

"சீனி மில்லுப் புகையிலதான் ஒங்க ரத்தத்துல சீனி ஏறுது. ஊசி எதுக்கு?" என்றார். கரும்பு வெட்டியே காலம் தள்ளிய கூட்டத்துக்கு அது நியாயமாகவே பட்டது.

ஜமீலாவின் கணவன் யூனுஸ் தீர்த்தத்தை நம்பி ஊசியை நிறுத்தினான். மூன்றாம் நாள் குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தும் நாக்கு வறண்டது, மூச்சு வாங்கியது. டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்: "சாப்பாட்டுச் சீனி ரத்தத்துல கலக்கும். கணையத்துல ஊறுற இன்சுலின்தான் அதை ஒடம்புல சேர்க்கும். இவருக்கு அது ஊறல. ஊசிய விட்டா ஆளையே விடணும்."

பக்கத்து வீட்டு சுஷீலாவின் முற்றத்தில், கூட்டத்தின் நடுவே, சாமியார் யூனுஸின் சிறுநீரைப் பாட்டிலிலிருந்து தட்டில் ஊற்றினார். எறும்பு வரவில்லை.

"பாத்தியா ஜமீலா, கொணமாயிடுச்சு," என்றாள் சுஷீலா.

ஜமீலா குனிந்தாள். சந்தன வாசனைக்கு அடியில் அவளுக்குப் பழகிய வேறொரு நெடி. எறும்பு ஏறாமலிருக்க அவள் தன் சமையலறை அலமாரிக் கால்களில் தடவும் மண்ணெண்ணெய்.

"அக்கா, ஒரு பிடி சீனி கொண்டாங்க."

வந்த சீனியில் பாதியைத் தட்டின் விளிம்பில் போட்டாள். மீதியைத் தரையில் கொட்டினாள். தரைச் சீனி எறும்பு மொய்த்துக் கறுத்துப் போனது. தட்டுச் சீனி வெள்ளையாகவே கிடந்தது.

"சீனிக்கே சீனி வியாதி கொணமாயிடுச்சு போல," என்றாள்.

"அது என் சக்தி," என்றார் சாமியார்.

ஜமீலா தட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பாட்டிலில் மிஞ்சியிருந்த சிறுநீரை அதில் ஊற்றினாள். சற்று நேரத்தில் எறும்புகள் வரிசை கட்டி வந்தன. சக்தி சோப்போடு போய்விட்டது. சாமியாரும் கொல்லை வழியாகப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் ஊசி ஏறிய இரண்டாம் நாள் யூனுஸ் எழுந்து உட்கார்ந்தான். பார்க்க வந்த சுஷீலா ஜமீலாவின் காதோடு சொன்னாள்:

"வட்டுகோலாவுல ஒருத்தரு இருக்காராம். தங்கச் சுரங்கத்துத் தண்ணி குடுக்கறாராம். இவரு நெசமான சாமியாம்."

"போங்க அக்கா," என்றாள் ஜமீலா. "ஆனா தீர்த்தத்துக்கு வாயத் தொறக்கறதுக்கு முன்னாடி, மூளையக் கொஞ்சம் தொறங்க."